திருத்த வரலாறு

பள்ளிக்கூட அதிபரின் மேசையில் தர்சினியின் மடிக்கணினியை நானே வாங்கித் திறந்து வைத்தேன்.

அவள் பக்கத்தில் நின்றாள். நான் கதிரையில் இருந்தேன். முப்பத்தொரு வருடம் புவியியல் படிப்பித்தவன் நிற்கத் தேவையில்லை. அவள் இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்க வந்து இரண்டு வருடம்.

திரையில் அவளுடைய விக்கி. உயர்தர வகுப்பின் புவியியல் பாடம் முழுவதும் அதில் கிடக்கிறது. ஆசிரியர் மட்டுமல்ல, பிள்ளைகளும் எழுதலாம், பிள்ளைகளே திருத்தலாம் என்பதுதான் அதிலுள்ள விசேஷம். மயிலிட்டிப் பிள்ளை துறைமுகத்தைப் பற்றி எழுதுவாள். சுன்னாகத்துப் பிள்ளை வெங்காயத் தோட்டத்துச் செம்மண்ணைப் படம் பிடித்துப் போடுவான்.

என்னிடமும் ஒரு வலைப்பூ இருக்கிறது. 2012இல் தொடங்கியது. குறிப்புகள், பழைய வினாத்தாள்கள், விடைகள், படங்கள் எல்லாம் நானே இரண்டு விரலால் தட்டி ஏற்றியவை. பரீட்சை நெருங்கினால் ஒரு நாளைக்கு நானூறு பேர் வந்து பார்ப்பார்கள். விக்கி வந்த பிறகு அந்த நானூறு வெறும் ஒன்பதாகக் குறைந்தது.

அந்த ஒன்பதில் நாலு தடவை நானே.

பொறாமையா என்று கேட்டால், பொறாமைதான். அதிபரிடம் போவதற்கு முந்தின மாதம் கல்வி அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் அவளை மேடையில் ஏற்றி, மற்றப் பள்ளிக்கூட ஆசிரியர்களுக்கு விக்கியைப் பற்றி விளக்கச் சொன்னார்கள். நான் மூன்றாவது வரிசையில் இருந்து கைதட்டினேன்.

அதன் பிறகு தினமும் அவளுடைய விக்கியைத் திறந்து பேன் பார்க்கத் தொடங்கினேன். ஒன்றும் அகப்படவில்லை. ஒரு பிள்ளை பிழைவிட்டால் அடுத்த பிள்ளை திருத்திவிடுகிறது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

முந்தின நாள்தான் அகப்பட்டது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் யுராசிக் காலத்துக்குரியது என்று போட்டிருந்தது. மயோசீன் என்று இருக்கவேண்டும். நாங்கள் கிணறு வெட்டுகிற கல்லுக்குப் பத்துக் கோடி வருடத்துக்கு மேல் வயதைக் கூட்டி வைத்திருந்தார்கள். பரீட்சைக்கோ மூன்று கிழமை. வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவனுக்கு அவல் கிடைத்தது.

அதிபர் இரசாயனவியல்காரர். அவருக்குக் கல்லும் ஒன்று மண்ணும் ஒன்று. ஆகையால் ஆறுதலாக விளக்கினேன். இப்படியே விட்டால் பிள்ளைகள் இதையே பரீட்சையில் எழுதி வைப்பார்கள் என்றேன். அவர் முகம் இருண்டது. தர்சினி குனிந்து அந்த வரியை வாசித்தாள். அவளுக்கும் அது புதிதுபோல இருந்தது.

நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"உதை ஆர் எழுதினது எண்டு இப்பவே பாருங்கோ. உப்பிடிப் பிழைவிடுற ஆள் பாடம் சொல்லிக்குடுக்கத் தகுதியில்லாத ஆள்."

விக்கியில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு திருத்த வரலாறு உண்டு. யார் மாற்றியது, எப்போது மாற்றியது, ஏன் மாற்றியது என்று எல்லாம் அதில் பதிந்திருக்கும். தர்சினி அதைத் திறந்தாள். அதிபர் மேசைக்கு அந்தப் பக்கம். திரை எங்கள் இருவருக்கும்தான் தெரிந்தது.

கீழே, பழைய வரி தர்சினி எழுதியது. மயோசீன் என்று சரியாகத்தான் எழுதியிருந்தாள்.

அதற்கு மேலே மதுராவின் பெயர். வகுப்பில் முன்வாங்கில் இருக்கிற பிள்ளை. மயோசீனை வெட்டி யுராசிக் என்று போட்டிருந்தாள். காரணம் எழுதுகிற இடத்தில் இப்படி இருந்தது:

கனகரட்ணம் சேரின் வலைப்பூவில் உள்ளபடி திருத்தினேன். சேர் பிழைவிடமாட்டார்.

என் வலைப்பூவின் அட்டவணை கண்ணுக்குள் வந்தது. யாழ்ப்பாணம், அதற்குக் கீழே தப்போவ என்ற இன்னொரு ஊர். தப்போவப் பாறைதான் யுராசிக். தட்டும்போது இரண்டையும் இடம் மாற்றிப் போட்டிருக்கிறேன். எத்தனை வருடமாக அப்படிக் கிடந்ததோ, ஒருவரும் சொல்லவில்லை. என்னிடம் யார் சொல்வார்கள்?

எழுதியது யார் என்று அதிபர் கேட்டார்.

தர்சினி என்னைப் பார்க்கவில்லை. மடிக்கணினியை மெல்ல மூடினாள்.

"என்ரை கவனயீனம் சேர். பாக்காமல் விட்டிட்டன். இண்டைக்கே திருத்திறன்."

உண்மையைச் சொல்ல எனக்கு வேண்டிய அளவு நேரம் இருந்தது. அதிபர் அவளைப் பத்து நிமிடம் ஏசினார். பத்து நிமிடமும் நான் சுவரில் இருந்த வகுப்பு நேரசூசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், இனிமேல் கனகரட்ணம் சேர் பார்த்துச் சரி சொல்லாமல் விக்கியில் ஒரு பக்கமும் ஏறக்கூடாது என்று முடிவாகச் சொன்னார். நான் ஆசைப்பட்டதும் அதுதான். அவள் தலையாட்டினாள்.

வெளியே விறாந்தையில் அவள் எனக்காக நின்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"உங்கடை வலைப்பூவிலையும் ஒருக்கா மாத்திவிடுங்கோ சேர். பிள்ளையள் இப்பவும் பாக்கிறவை."

ஏழு மாதமாகிறது. அதிபரிடமோ, ஆசிரியர் அறையிலோ, மதுராவிடமோகூட அவள் ஒரு சொல் சொல்லவில்லை.

அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.