சட்டை வால்

பத்துக் கிளைக் கொம்போடு ஒரு கலைமான், கல்லெறியும் தூரத்தில், டோரீனைப் பார்த்தபடி அசையாமல் நின்றது. அவள் சுடவில்லை.

மான் போய்விட்டது.

பள்ளத்துக்கு எதிர்ப்புறப் பரணில் இருந்த ரெய்னோ பைனாகுலரில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். அவள் கேம்ப்புக்குத் திரும்புவதற்குள் பஞ்சாயத்து தயாராக இருந்தது.

வடக்கு மிச்சிகன் காட்டில் அந்த வேட்டைக் கேம்ப் அண்ணன் தம்பிகள் மூவருடையது. நடுவன் ரூடி போன வசந்தத்தில் இறந்துவிட்டான். கேம்ப்பில் அவன் இடம், அவன் கட்டில், இனி தன்னுடையது என்று அவன் மனைவி டோரீன் வந்து நின்றதில் மூத்தவர் ரெய்னோவுக்குத் துளியும் இஷ்டமில்லை. அதைத் தன் மாப்பிள்ளைக்கென்று மனதுக்குள் எப்போதோ ஒதுக்கி வைத்துவிட்டார். இந்த சீசனில் ஒரு மான் அடித்தால் கட்டில் உண்டு, இல்லையென்றால் கிடையாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லியும்விட்டார்.

மறுநாளோடு சீசன் முடிகிறது.

"ஏம்மா, பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிக்கிற மாதிரி நேரா நின்னுச்சே. அதைக்கூட சுட முடியலையா?" என்றார்.

"நேரா நின்னதாலதான் சுடல."

இளையவன் ஆர்வோ காபியைக் கீழே வைத்தான். "அது என்ன கணக்கு அண்ணி?"

"நேரா நிக்கிற மானுக்கு நெஞ்சு கையகலம்தான் ஆர்வோ. கொஞ்சம் பிசகினா தோள்ல ஏறும், இல்ல குடலைக் கிழிக்கும். எங்கயாவது புதர்ல கிடந்து துடிச்சு சாகும். பக்கவாட்டுல திரும்பினா முன்னங்காலுக்குப் பின்னாடி நுரையீரல். வலி தெரியறதுக்குள்ள முடிஞ்சிடும்."

"அது திரும்பலையே?"

"திரும்பல. விட்டுட்டேன்."

கை நடுங்கிப்போச்சு, அதுக்கு இப்படி ஒரு பேர் வெச்சுட்டா என்று ரெய்னோ அடுப்பைப் பார்த்துச் சொன்னார்.

அந்தப் பக்கத்து கேம்ப்களில் ஒரு வழக்கம் உண்டு. குறி தப்பினால் சட்டையின் பின்பக்க வாலைக் கத்தரித்து, பெயரெழுதி, சுவரில் ஆணியடித்துவிடுவார்கள். இங்கேயும் சுவர் நிறைய வால்கள்தான். போன வருடத்து வால் ரெய்னோவுடையது. அதில் அவருக்கு வெட்கமே கிடையாது. வருகிறவர்களிடம் எல்லாம் தானே காட்டிச் சிரிப்பார்.

அந்த மனிதர் இப்போது கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார்.

சுட்டுத் தப்பினால்தானே வால், சுடாததற்கு ஏது தண்டனை என்று ஆர்வோ மல்லுக்கு நின்றான். ரெய்னோ கேட்கவில்லை.

"நான் தப்பவிட்டேன், சிரிச்சுக்கிட்டே வாலைக் கொடுத்தேன். சுடவே பயப்படறது அதைவிடக் கேவலம்."

டோரீன் போட்டிருந்தது ரூடியின் சட்டை. ஆனாலும் முதுகைக் காட்டி நின்றாள்.

"நறுக்கிக்குங்க. நாளைக்கும் அது நேரா நின்னா, நாளைக்கும் சுட மாட்டேன்."

மறுநாள் சாயங்காலம், வெளிச்சம் மங்கத் தொடங்கும்போது, அதே கலைமான் வந்தது. வந்து, வேண்டுமென்றே செய்வதுபோல, அவளுக்கு நேராக நின்றது.

எதிர்ப்பரணில் ரெய்னோவின் பைனாகுலர் தன்மேல்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இதை விட்டால் கட்டில் போயிற்று. ரூடி படுத்த இடத்தில் எவனோ ஒரு மாப்பிள்ளை குறட்டை விடுவான். விசைமேல் இருந்த விரல் வலித்தது. அவள் அழுத்தவில்லை.

எங்கோ ஒரு அணில் கத்தியது. மான் அந்தப் பக்கம் திரும்பி, முன்னங்காலை ஒரு எட்டு முன்னால் வைத்தது.

ஒரே வெடி.

மான் நாலு தாவல் தாவிச் சாய்ந்தது. அதற்குப் பிறகு ஒரு துடிப்புக்கூட இல்லை.

டோரீன் இறங்கி ஓடினாள். அதன் கழுத்தில் கை வைத்து முதலில் அழுதாள். அப்புறம் காடே கேட்கும்படி ரூடியின் பெயரைக் கூவினாள். ஜெயித்துவிட்டாள். அதுவும் தன் வழியிலேயே ஜெயித்திருந்தாள்.

கேம்ப் வாசலில் மானைக் கட்டித் தூக்கியதும் ஆர்வோ குண்டு பாய்ந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தான். இதைவிடச் சுத்தமாக இந்தக் கேம்ப்பில் யாருமே சுட்டதில்லை என்று சொல்லி, அண்ணியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான். ரெய்னோ தோலை உரிக்க ஆரம்பித்தார்.

தோள்பட்டையில் கத்தி எதிலோ தட்டி நின்றது. உள்ளே ஒரு பழைய குண்டு. சதை அதைச் சுற்றி வளர்ந்து மூடியிருந்தது.

ஆர்வோவுக்கு ரத்தம் கொதித்தது. "எந்தப் பாவியோ இது நேரா நிக்கும்போது சுட்டிருக்கான். தேடிக்கூடப் போகல. இதைச் சுமந்துக்கிட்டே திரிஞ்சிருக்கு பாருங்க அண்ணி."

டோரீன்தான் குண்டை எடுத்தாள். அவ்வளவு தடித்த குண்டு போடுகிற பழைய துப்பாக்கி, அவர்கள் அப்பாவுடையது, அங்கே ஒருவரிடம்தான் இருந்தது. அவள் ரெய்னோவைப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை.

"காட்டுல எத்தனையோ பேர் சுடறாங்க ஆர்வோ. யாரைப் போய்க் கேக்கறது," என்று அவன் கிட்டே வருவதற்குள் குண்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள்.

ரெய்னோ கத்தியைக் கீழே வைத்தார். விறுவிறுவென்று உள்ளே போனார். இருவரும் பின்னாலேயே போனார்கள்.

முந்தின நாள் நறுக்கி மாட்டிய ரூடியின் சட்டைத் துண்டைச் சுவரிலிருந்து கழற்றி டோரீனின் கையில் வைத்தார். "கட்டில் உன்னுதும்மா. எப்பவும்."

பிறகு தன்னுடைய வாலை ஆணியோடு பிடுங்கி அடுப்பில் போட்டார்.

"அண்ணே, அது உன்னோடது," என்றான் ஆர்வோ பதறிப்போய்.

"அது குறி தப்பினவனுக்குடா," என்றார் ரெய்னோ. "போன வருஷம் நான் தப்பல."