புது டிஃபரன்ஷியலுக்கு இருபது எட்டு
பின்சக்கரங்கள் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற டிஃபரன்ஷியல் தேய்ந்துவிட்டது, வளைவில் ஒரு சக்கரம் சும்மா சுற்றுகிறது என்று காரை ஓட்டுகிற மெர்லின் மூன்று பந்தயமாகக் கத்திக்கொண்டிருந்தாள். அணியின் உரிமையாளர் தணிகாசலம் காருக்குத் தங்க நிறத்தில் பெயின்ட் அடித்து, கதவில் தன் படத்தை ஒட்டினார். நான்காவது பந்தயத்தில் கார் சுழன்று மண்ணில் போய் நின்றது. "பொண்ணுக்குத் தைரியம் பத்தலை" என்று தணிகாசலம் மைக்கில் சொல்லிவிட்டு, இனி தன் மருமகன்தான் ஓட்டுவார் என்று அறிவித்தார். மறுவாரமே புது டிஃபரன்ஷியல் மாலையோடு வந்து இறங்கியது.

மாட்டி முடித்த மெக்கானிக் காதர், "புதுசைப் பழக்கணும் சார். மெதுவா இருபது எட்டு போடணும்" என்றார்.

மருமகன் கூலிங் கிளாஸைக் கழற்றினார். "எட்டா? நான் என்ன லைசென்ஸ் எடுக்கவா வந்திருக்கேன்?"

"அதுக்குத்தான் மெர்லின் இருக்காளே" என்றார் தணிகாசலம். "போட்டுக் குடும்மா. நீ நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி."

மெர்லின் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள். பார்க்கிங்கில் பத்தொன்பது எட்டு, அத்தனையும் நிதானமாக. மாமனாரும் மருமகனும் விரல்விட்டு எண்ணினார்கள். இருபதாவதின் பாதியில் ஸ்டீயரிங்கை நேராக்கினாள். எதிரே பந்தயத் தடத்தின் கேட்டில் ஒரு கதவு மட்டும் திறந்திருந்தது.

"யோவ் காதர், கேட்டை மூடுய்யா!" என்று அலறினார் தணிகாசலம்.

காதர் ஓடிப்போய் இன்னொரு கதவையும் திறந்துவிட்டார்.