இலவசத் துப்புரவு

உலகோர்க்கு அறிவிக்கப்படுவது யாதெனில்: வீட்டுக் கணினிகளுக்கான இலவச மென்பொருள்களை மதிப்பிட்டு நட்சத்திரம் வழங்கும் வைத்தியலிங்கனார், ஒரே பொருள்படும் பதிவுகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழிக்கும் 'துப்புரவு' மென்பொருளைச் சோதித்தருளினார். கணினி ஆகாயம்போல் காலியானது.

மதியந்தோறும், வெளிநாட்டில் இருக்கும் மகனின் கணினியில் பதிந்துவைத்த பழைய தொலைபேசி அழைப்புகளை வீடெங்கும் மிதக்கவிட்டுக் கண்மூடிக் கிடப்பவள் அவர் மனைவி செண்பகம். இன்று ஒரே குரல்தான் மிதந்தது: "நல்லாருக்கேம்மா, அப்புறம் பேசறேன்."

"பத்து வருசமா எம்புள்ள பேசினதெல்லாம் எங்கங்க? உங்க நட்சத்திரத்துல தீய வைக்க."

வைத்தியலிங்கம் அழிந்ததையெல்லாம் மீட்டார். மென்பொருள் எதையாவது தவறாக அழித்திருக்க வேண்டுமே என்று முதல்முறையாக வேண்டிக்கொண்டு, அவளருகே படுத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். குரல்கள் மேகம்போல் தலைக்குமேல் போய்க்கொண்டே இருந்தன. வெயில் சுவரேறி மறைந்தது.

"இன்னும் கேளுங்க. வேற ஏதாவது சொல்லியிருப்பான்," என்றாள் செண்பகம்.

கடைசிவரை கேட்டார்கள். மென்பொருள் எதையும் தவறாக அழித்திருக்கவில்லை.