சுத்தியல் ஓய்ந்த மே மாதம்

அன்று தீவின் அந்தப் பழைய விடுதியில் இருந்தவர்கள் நால்வர்: விடுதி உரிமையாளர் யெர்கோ, அவர் மனைவி தோன்கா, கட்டட ஒப்பந்தக்காரர் ஃபிரானே, தாமதத்துக்கு யார் பொறுப்பு என்று ஆராய்ந்து சொல்ல ஸ்ப்ளிட் நகரிலிருந்து கப்பலேறித் தீவுக்கு வந்திருந்த பொறியாளர் நெவென்கா.

மே மாத இறுதியில் முடிந்திருக்க வேண்டிய யெர்கோவின் புது விடுதி, கூரையில்லாமல் நின்றது. பழி தன்மீது விழுந்தால் ஃபிரானே தம் ஒரே கிரேனை விற்றாக வேண்டும்.

“இதுல ஆராய என்ன மேடம் இருக்கு?” என்றார் யெர்கோ. “குளிர்காலம் பூரா இவன் கிரேன் தூங்கிச்சு. கேட்டா வாடைக்காத்தாம். காத்து நின்னா காப்பி குடிக்கப் போயிடுவான்.”

“அந்தக் காத்துல கிரேனை ஓட்டியிருந்தா உங்க விடுதி கடல் தாண்டி இத்தாலியில போய் இறங்கியிருக்கும், முதலாளி.”

நெவென்கா சிரிக்கவில்லை. “காத்துல போன நாளை ஞாயித்துக்கிழமையெல்லாம் உழைச்சு ஈடுகட்டிட்டார். ஏப்ரல் வரைக்கும் வேலை பிந்தல. தடை வந்துதான் எல்லாம் நின்னுபோச்சு.”

சுற்றுலாக் காலத்தில் தீவில் கட்டட வேலை கூடாது. ஜூனில் தொடங்கும் அந்தத் தடையை நகர்மன்றம் இவ்வாண்டு மே மாதத்துக்கே இழுத்துவிட்டது. இனி இலையுதிர்காலம் வரை ஒரு செங்கல்லும் நகராது.

“தடை வந்தா நஷ்டம் கட்டடம் கட்டுறவனுக்குன்னு ஒப்பந்தத்துல இருக்கே,” என்றார் யெர்கோ.

“இருக்கு. நீங்களே தடையைக் கேட்டு வாங்கியிருந்தாத்தான் அது செல்லாது.”

“என் விடுதியை நானே நிறுத்திக்க எனக்கென்ன பைத்தியமா?”

“அப்போ பொறுப்பு இவரோடதுதான்,” என்றார் நெவென்கா, தயக்கத்துடன்.

ஃபிரானே தலைகுனிந்தார்.

அப்போதுதான் தோன்கா காப்பியும் சூடான பணியாரமுமாக உள்ளே வந்தார்.

“தடையைப் பத்தியா பேச்சு? என்னைக் கேளுங்க மேடம். பக்கத்து வீட்டு லூகா மாடி எழுப்புற சத்தத்துல எங்க பழைய விடுதியில ஒருத்தர் தூங்க முடியல. இவர் விட்டாரா? மேயர் வீட்டுப் படியைத் தேய்ச்சுத் தேய்ச்சு, மே மாசத்துலயே தடை போட வச்சாரு. லூகாவை நிறுத்தணும்னா நிறுத்தணும், வேற எதையும் யோசிக்கவே இல்ல. இந்த ஊர்ல வேற எவனுக்கு அந்தச் சாமர்த்தியம் வரும், சொல்லுங்க.”

யெர்கோ தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.