சத்தமே போடாத கார்

இதில் ஒரு வார்த்தை பொய் என்றாலும் என் பல்செட் தொண்டையில் சிக்கட்டும்.

வருடக்கணக்காக வாசலில் நின்ற என் பழைய காரை எடுத்துப்போக, இரும்புக்கடைக்காரரை வரவழைத்துவிட்டாள் மனைவி.

“இன்னிக்கு ஓடலைன்னா உடைக்கக் குடுத்துருவேன்.”

“ஏறி உக்காரு,” என்றேன்.

சாவியைத் திருகி, ஹேண்ட் பிரேக்கை விட்டேன். வண்டி வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. தெருவே வாயைப் பிளந்தது.

“என்னங்க, சத்தமே வரலை?”

“மரியாதை தெரிஞ்ச வண்டி. உன்னை மாதிரியா கத்தும்?”

“போதும், ரோட்டைப் பாருங்க.”

கடைத்தெருவில் நிறுத்தினேன். இரும்புக்கடைக்காரர் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“இப்படிப் பறக்குற வண்டியையாம்மா உடைக்கச் சொன்னீங்க? பாவம்மா!” என்று திட்டிவிட்டுப் போனார்.

“நான்தாங்க அவசரப்பட்டுட்டேன்,” என்றாள் மனைவி.

எங்கள் தெரு முழுக்க இறக்கம். காரின் எஞ்சின் போன வருடத்திலிருந்து மெக்கானிக் பட்டறையில் கிடக்கிறது.