கடல் ரசிகர்

“ஹைவேல போனா சீக்கிரம் போயிடலாமே?” என்று முதல் பயணத்திலேயே அவள் கேட்டாள்.

“கடலோரமா போனா கூடக் கொஞ்ச நேரம் உன் பக்கத்துல இருக்கலாமே, டாக்டரம்மா!” என்றான் கட்டட இன்ஜினீயர். அந்த ஒரு பதிலில் பல் டாக்டர் சொக்கிப்போனாள்.

மூன்று வருடமாக அந்தச் சாலைதான். கல்யாணப் பேச்சை அவனே எடுக்கட்டும் என்று காத்திருந்து அலுத்தவள், இன்று தானே கேட்டுவிடுவதென்று புதுப்புடவையில் வந்திருந்தாள்.

பாதி வழியில் பாலம் இடிந்திருந்தது. போலீஸ்காரர் வண்டிகளை ஹைவே பக்கம் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்.

“திரும்பிடலாம். இன்னொரு நாள் போலாம்.” அவன் முகம் வெளிறியிருந்தது.

“ஒரு நாள் கடலைப் பாக்கலன்னா உயிரா போயிடும்? ஓட்டுங்க, ரசிகரே!”

பின்னால் ஹாரன்கள் அலறின. வேறு வழியின்றி ஹைவேயில் ஏறினான். டோல்கேட்டில் கார்க் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஃபாஸ்டேக் ஸ்டிக்கரைப் படித்துக்கொண்டு தடுப்புக்கட்டை தானாக உயர்ந்தது.

சற்றைக்கெல்லாம் காரில் போன் ஒலித்தது. அவன் தயங்க, விளையாட்டாக அவளே பட்டனை அழுத்தினாள். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல்.

“ஏங்க, டோல்ல காசு பிடிச்சதா என் போனுக்கு மெசேஜ் வந்திருக்கு. சைட்ல இருக்கேன்னீங்க? பாப்பா வேற அப்பா எப்ப வருவார்னு நச்சரிக்கிறா.”

கடலோரச் சாலையில் டோல்கேட்டே கிடையாது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

போனை அணைக்க அவன் கை நீட்டினான். அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, ஸ்பீக்கரில் இருப்பவளுக்கும் நன்றாகக் கேட்கட்டும் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்:

“என்னைக் கல்யாணம் பண்ணிக்கோங்க.”