இத்ரூஸ் நானாவின் வைஃபை

திரையின் கீழ் மூலையில் இருந்த சின்னப் படத்தின் மேல் மறுபடியும் சிவப்புக் குறி விழுந்தது.

“போச்சு” என்றாள் முஹ்ஸினா.

இலங்கை மலைநாட்டில், எல்ல என்ற டவுனில், போன் பேசவும் நெட் பார்க்கவும் ஆட்கள் வரும் கொமியூனிகேஷன் கடை ஒன்றை அவள் நடத்தினாள்; அங்கிருந்த ஒரே கம்ப்யூட்டர் அது. கொழும்பில் ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப் போட்டது. அது செய்யப்பட்ட காலத்தில் வைஃபை என்ற பேச்சே இல்லை. பின்பக்கம் சொருகியிருந்த விரல் நீளக் குச்சி ஒன்றுதான், தெருவுக்கு எதிரே இருந்த இத்ரூஸ் நானாவின் கெஸ்ட் ஹவுஸ் சிக்னலைப் பிடித்துக் கொடுக்கும்.

இன்று மழை. குச்சி எதையும் பிடிக்கவில்லை.

பக்கத்து ஸ்டூலில் பிரான்சிஸ்கா உட்கார்ந்திருந்தாள். தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். காலையில் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள்.

அவள் மகள் டிலக்ஷி சென்னையில் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பதினாறு வயது. இதயத்தில் ஓட்டை. சர்ச்சில் சேர்த்துக் கொடுத்த உதவியில் ஆபரேஷன். பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிரான்சிஸ்காவுக்குப் பாஸ்போர்ட் கிடைக்கவில்லை. புருஷன் கபிரியேல்தான் மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தான்.

விடியற்காலையில் அவன் பக்கத்து வீட்டுப் போனுக்கு எடுத்திருந்தான். பிள்ளை ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டது. மூலையில் போய் உட்கார்ந்துகொண்டு யாரையும் தொட விடமாட்டேன் என்கிறது. மத்தியானத்துக்குள் அடங்காவிட்டால் இன்றைக்கு ஆபரேஷன் இல்லை. அடுத்த முறை எப்போது வரும் என்று டாக்டருக்கே தெரியாது. அடுத்த கட்டில்காரரின் மகள் தன் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

“அக்கா, போன்லயே பேசிருங்களேன். சென்னைக்கு ஒடனே கெடைக்கும்.”

“போன் சரிப்படாது தங்கச்சி. இதுலதான் பேசணும்.”

தாய்க்குப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்று முஹ்ஸினா நினைத்துக்கொண்டாள்.

குச்சியைப் பிடுங்கிச் சொருகினாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். அது முனகி முனகி எழுந்து வருவதற்குள் மழை வலுத்துவிட்டது. நீள வயர் ஒன்றைத் தேடியெடுத்து, குச்சியை அதன் நுனியில் மாட்டி, ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டாள். ஒரு கோடு வந்தது. வந்த வேகத்தில் போனது.

இத்ரூஸுக்குப் போன் போட்டாள்.

“இங்க வெள்ளைக்காரங்களுக்கெல்லாம் நல்லா வேல செய்யுதே முஹ்ஸினா” என்றார் அவர். அவள் விஷயத்தைச் சொன்னாள்.

கொஞ்ச நேரத்தில் எதிர்க் கதவு திறந்தது. இத்ரூஸ் ரவுட்டரை வயரோடு இழுத்துக்கொண்டு விறாந்தைக்கு வந்தார். பிறகு படியிறங்கி, வயர் எட்டிய மட்டும் வந்து, கேட் அருகே நின்றார். குடையை ரவுட்டருக்குப் பிடித்தார். தான் நனைந்தார்.

ஒரு கோடு. இரண்டு. மூன்று.

முஹ்ஸினா வீடியோ கால் புரோகிராமைத் திறந்து அவசரமாகப் பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்தாள். ஏற்கவில்லை. இன்னொரு தடவை அடித்தாள். ஏற்கவில்லை. அப்போதுதான் மூலையில் இருந்த தேதியைக் கவனித்தாள். உள்ளே பட்டன் பேட்டரி செத்துப்போனதால், அணைத்துப் போட்டதில் கம்ப்யூட்டர் மறுபடியும் 2000ஆம் ஆண்டு ஜனவரிக்கே போயிருந்தது. தேதி தப்பாக இருந்தால் அது உள்ளே விடாது. ஒன்பது வருஷத்தை ஒரே தள்ளில் தள்ளினாள்.

திறந்துகொண்டது.

படம் வந்தது. வெள்ளைச் சுவர். மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு பெண். அவள் தலையை நிமிர்த்தினாள்.

சத்தம்தான் வரவில்லை. முஹ்ஸினா ஸ்பீக்கர் வயரை உருவினாள், சொருகினாள், தட்டினாள். இவ்வளவு தூரம் வந்து இப்படியா என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பிரான்சிஸ்கா அவள் கையைப் பிடித்தாள்.

“விடுங்க தங்கச்சி. அவளுக்குக் காது கேக்காது. பொறந்ததுலேருந்தே.”

பிறகு திரையின் மேல் மாட்டியிருந்த குட்டிக் கேமராவுக்கு நேராகத் தன் இரண்டு கைகளையும் தூக்கினாள்.

“ஸ்கூலுக்குப் போகல. இந்தக் கைப் பேச்சு நாங்க ரெண்டு பேருமா உண்டாக்கிக்கிட்டது. அவங்கப்பாவுக்குச் சோறு, தண்ணி, இதுதான் தெரியும். நெஞ்ச ஏன் கீறப் போறாங்கன்னு அவருக்குச் சொல்லத் தெரியல.”

கன்னத்தை உள்ளங்கையில் சாய்த்துக் கண்ணை மூடினாள். நெஞ்சில் விரலால் மெதுவாகக் கோடு இழுத்தாள். தைத்தாள். கண்ணைத் திறந்தாள். மூச்சு வாங்காமல் மலையேறிக் காட்டினாள். பழைய கம்ப்யூட்டரில் படம் விட்டு விட்டு நகர்ந்ததால் ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பச் செய்தாள்.

டிலக்ஷி கையால் ஏதோ கேட்டாள். தாய் பதில் சொன்னாள். இன்னொன்று கேட்டாள். தாய் சிரித்துவிட்டாள்.

பிள்ளை எழுந்து போய்க் கட்டிலில் உட்கார்ந்தது. தானாகவே நர்ஸிடம் கையை நீட்டியது.

பிரான்சிஸ்கா முஹ்ஸினாவைக் காட்டினாள். கேமராவை ஜன்னல் பக்கம் திருப்பி, மழையில் நின்ற மனிதரைக் காட்டினாள். டிலக்ஷி உற்றுப் பார்த்தாள். தன் வயிற்றில் உள்ளங்கையை வைத்து மெல்ல ஒரு வட்டம் தடவினாள்.

“என்னக்கா சொல்றா? பசிக்குதா?”

“இல்லம்மா. நன்றிக்குன்னு எங்ககிட்டத் தனியா ஒண்ணும் இல்ல. வயிறு நெறஞ்சிருச்சுங்கிறா.”

தெருவிலிருந்து இத்ரூஸ் கத்தினார். “பேசியாச்சா?”

தகரக் கூரையில் மழை இரைந்தது. என்ன சொன்னாலும் கேட்காது. முஹ்ஸினா ஜன்னலருகே போய் நின்று, தன் வயிற்றில் கையை வைத்து, அவர் பார்க்கும்படி பெரிதாக ஒரு வட்டம் தடவினாள்.

இத்ரூஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் குடையோடு சேர்த்துத் தலையை ஆட்டினார்.